துரைக்கு உடம்பு சரியில்லை

சார்செல், பாரிஸ் பக்கம்
14.10.2001

அன்புள்ள துர்கா,

துரை எப்படி இருக்கிறார்? எங்கே உட்கார வைத்திருக்கிறாய்? ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாம். முத்தியால்பேட்டைக் கடல் காற்றில் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே அரித்துப் போயிருக்கிறது, கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? துணி போட்டு மூடி வை. உன் அப்பாவின் பழைய வேட்டி வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே போகும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஓடவிடு. கரண்ட் போய்ப் போய் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு.

இங்கே பள்ளியில் ஓர் அறை முழுக்கக் கம்ப்யூட்டர்கள். எல்லாம் புதுசு. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எனக்குப் பிடிக்கவில்லை. நாம் ஏழாம் வகுப்பு படித்தபோது மாமா தன் ஆபீசில் கழித்துப்போட்ட பெட்டியையும் கீபோர்டையும் பாரிசிலிருந்து சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? திரையில் எல்லாமே பிரெஞ்சில் வந்ததும் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “வெள்ளையா இருக்குது, பிரெஞ்சுதான் பேசுது. இது தொரைடி!” என்றாய். எங்கள் அம்மா சிரித்த சிரிப்பு எதிர் வீட்டுக்குக் கேட்டது.

இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்கிறார் அப்பா. அதுவரை துரை உன் பொறுப்பு. பொறுப்புதான், உன்னுடையது இல்லை. வந்ததும் வாங்கிக்கொள்வேன்.

ஈமெயில் அனுப்பக் கற்றுக்கொள்ளேன், புண்ணியமாகப் போகும்.

லினெட்


முத்தியால்பேட்டை
11.11.2001

அன்புள்ள லினெட்,

உன் புண்ணியத்துக்காகப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தமிழ் வரவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தால், பின்னால் காத்திருந்த ஆள் படித்துச் சிரிக்கிறார். தபால்தான் நமக்கு லாயக்கு.

நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். துரைக்கு உடம்பு சரியில்லாமல் போய், இப்போது தேவலை.

ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாள். தையல் மிஷின், அப்பாவின் சைக்கிள், அரிவாள்மனை வரைக்கும். துரைக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதோடு விட்டிருக்கலாம். பிளாப்பி போடுகிற சந்து அவளுக்கு வாய் மாதிரி தெரிந்திருக்கிறது. பொரிகடலையைக் கொஞ்சம் அள்ளி அதில் போட்டுவிட்டாள். நான் அலறினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “எல்லாருக்கும் படைச்சேன். வந்து தங்கியிருக்கிற விருந்தாளிக்கு மட்டும் இல்லைன்னா அவரு மனசு என்னா ஆவும்?”

பிளாப்பியைச் செருகினால் கறகறவென்று மென்றார் துரை. வேறு வழியில்லாமல் அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்தேன். லினெட், நாம் ஐந்து வருஷமாக முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம். உள்ளே ஓர் ஊரே இருக்கிறது! தெரு, சந்து, மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ. யாரோ உட்கார்ந்து இவ்வளவையும் யோசித்து, இவ்வளவு சின்ன இடத்தில், ஒன்றோடு ஒன்று இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பொரியை எடுக்கப் போனவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொரியை எடுத்தேன். மூடினேன். போட்டேன். துரை எழுந்திருக்கவில்லை, கூவினார். நீளமாக, விட்டு விட்டு. பொரியால் வந்த நோய் போய், என்னால் ஒரு நோய். நேரு வீதியில் ஒரு கடையில் போய் அவர் கூவின மாதிரியே கூவிக் காட்டினேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மெமரிம்மா அது. கழட்டி, பித்தளையாட்டம் இருக்கிற ஓரத்தை பென்சில் ரப்பரால தேச்சி, அழுத்தி மாட்டு” என்றார். அப்படியே செய்தேன். எழுந்துவிட்டார்.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

துர்கா


சார்செல்
03.02.2002

துர்கா!

என் துரைக்குப் பொட்டு வைத்தாயா? அம்மா கேட்டுவிட்டு, “ஞானஸ்நானம் குடுத்த வீட்டுப் பொட்டியை இந்துவாக்கிட்டாங்களே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவும் அவளும் சேர்ந்து சிரித்து, அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பூஜை அன்றைக்கு அவரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வை.

இனிமேல் திறக்காதே. திறக்கத்தான் வேண்டும் என்றால் தெரிந்தவர்களிடம் கொடு. நாம் அதில் வரைந்த படங்கள் எல்லாம் இருக்கின்றனவா? கடற்கரைப் படம்? நம் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே பாலம் போட்டு வரைந்தோமே, அது? பார்த்து எழுது.

லினெட்


முத்தியால்பேட்டை
22.08.2004

அன்புள்ள லினெட்,

இரண்டு வருஷம் மூன்றாகிவிட்டது. உன் அப்பா இன்னும் “இரண்டு வருஷம்” என்றுதான் சொல்கிறாரா?

படங்கள் பத்திரம். துரையும் பத்திரம். ஆனால் நீ பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது, முன்னமே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஐப்பசி மழையில் இடி விழுந்து பவர் சப்ளை போனது. மானிட்டர் முதலில் பச்சையாகி, பிறகு இருட்டிவிட்டது. ஹார்ட் டிஸ்க் தேய்ந்த வண்டிச் சக்கரம் மாதிரி சத்தம் போட ஆரம்பித்ததும் படங்களை வேறொன்றுக்கு மாற்றிவிட்டேன், மறு வாரமே பழையது நின்றது. உப்புக் காற்றில் மதர்போர்டில் பச்சை பூத்துவிட்டது. வெளிப்பெட்டியின் அடித்தகடு என் கையிலேயே உதிர்ந்தது. நான் லாஸ்பேட்டையில் பாலிடெக்னிக் படிக்கிறேன், தெரியுமா? நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். லீவு நாளில் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கடையில் சிஸ்டம் பூட்டுகிற வேலை. கழித்துப்போடுகிறவற்றில் நல்லதாகப் பார்த்து எடுத்துவந்து துரைக்கு மாட்டுகிறேன்.

பாலிடெக்னிக்கில் முதல் நாள் உன் துரையால் நான் பட்ட அவமானத்தைக் கேள். லேபில் உட்கார வைத்தார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று ஏற்கெனவே பீற்றிக்கொண்டுவிட்டேன். திரையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது பிரெஞ்சு! “மேடம், தெமாரே எங்க இருக்குது?” என்று கேட்டேன். ‘ஸ்டார்ட்’டுக்குத் துரை அப்படித்தானே சொல்வார். “என்னம்மா அது, மிட்டாயா?” என்றார் மேடம். பெயரை அடி என்றார். பார்க்காமலே கடகடவென்று அடித்தேன். துரையின் கீபோர்டில் ‘ஏ’ இருக்கிற இடத்தில் இங்கே ‘கியூ’ இருக்கிறது. DURGQ என்று வந்து நிற்கிறது! வகுப்பு முழுக்க ஒரு மாசம் என்னை ‘துர்க்யூ’ என்று கூப்பிட்டது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் பிரெஞ்சுக் கம்ப்யூட்டர் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஆனால் அடுத்த வாரம் லேபில் ஒரு மிஷின் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் திறந்தேன். அதற்குப் பிறகு மேடமே, “துர்காவைக் கூப்பிடுங்க” என்கிறார். துரை எனக்கு எடுத்த பாடம் அது. அவருக்கு வராத வியாதி இல்லை. எல்லாவற்றையும் படுத்துப் படுத்து எழுந்து எனக்குக் காட்டிவிட்டார்.

செத்துப்போன பாகம் எதையும் நான் எறியவில்லை. மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில், அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்திருக்கிறேன். தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் வரும்போதெல்லாம் அம்மா, “போட்டுடுடி, வாய்க்காவது இனிக்கும்” என்கிறாள். போட மாட்டேன். அடுத்தவள் பொருள். நீ வந்து கேட்டால் ஒரு ஸ்க்ரூ குறையாமல் காட்ட வேண்டும்.

துர்கா


சார்செல்
19.05.2006

அன்புள்ள துர்கா,

சுருக்கமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், நேரமே இல்லை.

எங்கள் பெரியப்பா மகன் ஜோசப் ஆனந்த் அரியாங்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் திறக்கிறார். துரையை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வருவார். கொடுத்துவிடு. உனக்கும் எத்தனை வருஷம்தான் இந்தப் பாரம்? இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டதற்கு மெர்சி.

லினெட்


முத்தியால்பேட்டை
11.06.2006

லினெட்டுக்கு,

உன் அண்ணன் வந்தார். கொடுத்துவிட்டேன்.

என்ன கொடுத்தேன் என்று அவர் இதற்குள் போனில் சொல்லியிருப்பார். நான் சொல்வதையும் கேள். வந்தவரை உட்கார வைத்து அம்மா காபி கொடுத்தாள். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து இருண்ட மானிட்டரையும் அட்டைப்பெட்டியையும் இழுத்து அவர் காலடியில் வைத்தேன். பிரித்தார். துருப்பிடித்த தகடு, கருகின பவர் சப்ளை, பச்சை பூத்த போர்டு, ஓடாத டிஸ்க், எழுத்து தேய்ந்த கீபோர்டு, பொரி தின்ற பிளாப்பி டிரைவ். ஒவ்வொன்றாகத் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, காயலாங்கடையாட்டம்?” என்றார்.

“லினெட் எங்கிட்ட குடுத்துட்டுப் போனது எல்லாம் இதுல இருக்குதுண்ணா. சரிபார்த்துக்குங்க.”

“அப்ப மேசை மேல ஓடிக்கினு இருக்குதே, அது?”

“அது என்னுது.”

அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், காபியைக் குடித்தார். அம்மாதான் தாங்காமல் அவர் கையில் நான்கு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உனக்கு இறந்த யானை.

பாரமா? நான் உன்னிடம் பாரம் என்று சொன்னேனா? ஐந்து வருஷமாக அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். ஒரு பாகம் போனால் இன்னொன்று. வீட்டில் எல்லாரும் “அந்தப் பொண்ணு இதை மறந்தே போச்சி, தூக்கிப் போடு” என்றார்கள். நீ மறக்கவில்லை என்று நான் சண்டை போட்டேன். நீயோ ஒரு வரியில் ஆள் அனுப்புகிறாய்.

ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருக்க வேண்டும். அவர் போனதும் அழுதுவிட்டேன். துரையைப் பற்றிக் கேட்கத்தானே நீ எனக்கு எழுதினாய்? இனி எதற்கு எழுதப் போகிறாய்? அதுதான் எனக்குப் பயம். இயந்திரம் போனால் வேறொன்று பூட்டிக்கொள்வேன். உன்னை எந்தக் கடையில் வாங்குவது?

துர்கா


சார்செல்
27.12.2006

என் துர்கா,

ஆறு மாசம் எழுதாமல் இருந்தேன். கோபத்தால் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாததால்.

ஜோசப் அண்ணன் போன் செய்து அப்பாவிடம் கத்தினார். அப்பா அவரைவிடச் சத்தமாகக் கத்தினார். போனை வைத்த பிறகு அரை நாள் யோசித்துவிட்டு, “அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போனாலும் ஜெயிக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அண்ணனுக்கு அந்தப் பெட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எறியப் பார்த்தார். நான் விடவில்லை. கிறிஸ்மசுக்கு இங்கே வந்த சித்தியிடம், கொண்டுவர முடிந்ததைக் கொண்டுவரச் சொன்னேன். அவள் ஊறுகாயைக் குறைத்துக்கொண்டு இதை எடுத்துவந்தாள். ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னார்களாம். இன்னும் என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டு மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். உன் அம்மாவின் நீலப் புடவை. அந்தப் புடவையில் அவர் எனக்குத் தோசை ஊற்றிப் போட்டிருக்கிறார். பிளாப்பி டிரைவின் ஓரத்தில் இன்னும் குங்குமம் ஒட்டியிருக்கிறது. துரு உதிராமல் தகட்டுக்கு எண்ணெய் தடவியிருக்கிறாய். செத்துப்போன பொருளுக்கு எண்ணெய் தடவி வைக்கிறவளை நான் எங்கேயும் பார்த்ததில்லை. துர்கா, நான் எதையுமே இப்படி வைத்துக்கொண்டதில்லை. இங்கே மூன்று வீடு மாறிவிட்டோம், ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது தொலைத்தேன். உன் கடிதங்களில் இரண்டைக் காணோம். நீ என் ஓட்டைப் பெட்டியின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொலைக்கவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. இவள் என் சிநேகிதி என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேலை செய்கிற இடத்தில் கிழவர் ஒருவருக்கு, உன் கதையைச் சொன்னால்தான் மாத்திரை உள்ளே இறங்குகிறது.

ஏன் ஆள் அனுப்பினேன் என்று கேட்டாய். அப்பா முத்தியால்பேட்டை வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டார். நாங்கள் திரும்பி வரப்போவதில்லை. துரை உன் வீட்டில் இருக்கிற வரைக்கும் நீ எனக்காகக் காத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். வரமாட்டேன் என்று எழுதத் தைரியம் வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டால் நீயே புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்.

துரை உன்னுடையவர். முழுசாக. நான் எழுதுவேன். உனக்கு.

லினெட்


முத்தியால்பேட்டை
15.04.2007

அன்புள்ள லினெட்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தோசை வரும் இடத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, “அந்தப் பொடவை நல்லாத்தான இருந்துச்சி, அதையாடி கிழிச்ச?” என்று என்னைத் திட்டினாள்.

துரையை நீ கொடுக்க வேண்டாம். நான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று. இருந்தாலும் நீ சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கேயே ஒரு சின்ன சர்வீஸ் கடை போட்டிருக்கிறேன். பெயர் ‘துரை கம்ப்யூட்டர்ஸ்’. வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “தொரை சார் இல்லீங்களா?” என்கிறார்கள். மேசையைக் காட்டுகிறேன். பில் போடுவது அவர்தான். நன்றாகப் போடுகிறார். இப்போது வருகிற புது மிஷின்களில் பாதி அவரைவிட வேகம், ஆனால் மூன்றாம் வருஷமே என் கடைக்கு வந்துவிடுகின்றன. அவர் அவற்றை ஒரு பார்வை பார்க்கிறார்.

வீடு போனால் என்ன? எங்கள் வீட்டில் பாய் இல்லையா? வந்து தங்கு. வா.

துர்கா


சார்செல்
08.06.2008

துர்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆகஸ்டில் வருகிறேன், நான் மட்டும். ஜோசப் அண்ணன் வீட்டில் தங்கச் சொல்கிறார்கள், உன் வீடுதான் என்று சொல்லிவிட்டேன். ஏழு வருஷமாகிறது. நீ நினைத்துக்கொண்டிருக்கிற லினெட்டாக நான் இல்லாவிட்டால் என்ன செய்வாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். துரையை எனக்கு ஒரு தடவை திறந்து காட்டுவாயா? நான் இன்னும் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

லினெட்


முத்தியால்பேட்டை
07.09.2008

அன்புள்ள லினெட்,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ விட்டுப்போன செருப்பை அம்மா போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறாள். பிரான்ஸ் செருப்பு என்று மீன்காரியிடம் காட்டியிருக்கிறாள். இனி திரும்பக் கிடைக்காது.

நீ எந்த லினெட்டாக வந்து நின்றாலும் பரவாயில்லை என்று ரயிலடியில் சொல்ல நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. இப்போது சொல்லிவிட்டேன். வந்த இரண்டாம் நாளே நீயும் நானும் சண்டை போட்டதும், நீ தமிழில் திட்டு வராமல் பிரெஞ்சுக்குப் போனதும், நான் துரையிடம் கற்ற பிரெஞ்சில் உன்னை ‘ஷட்டவுன்’ செய்யச் சொன்னதும் என்று எல்லாவற்றையும் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

துரையைத் திறந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். நான் முதல் தடவை திறந்தபோது எனக்கு யாரும் கண்ணாடி காட்டவில்லை. இப்படித்தான் இருந்திருப்பேன் என்று தெரிந்துகொண்டேன். ரொம்ப நன்றி.

ஒரு விஷயம். நீ கிளம்பின மறுநாள் கடையைத் திறந்து துரையைப் போட்டேன். எழுந்திருக்கவில்லை. திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் நீயே திரும்பப் பூட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாயே, அதில் ஒரு வயர் சரியாக உட்காரவில்லை. கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும்.

விரலை அதன் மேல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டு மூடிவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் அவரைப் படுக்க விட்டதே இல்லை, உனக்கே தெரியும். இப்போது பில்லைக் கையால் எழுதுகிறேன். வருகிறவர்கள் எல்லாம், “இன்னாங்க, ரிப்பேர் கடையில உங்க மிஷினே ஓடலியே?” என்று கேட்கிறார்கள். “அதுக்கு மெக்கானிக் பிரான்சுலேருந்து வரணும்” என்று சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீ பூட்டின வயர், நீதான் வந்து அழுத்த வேண்டும். நான் தொட மாட்டேன்.

கடையில் என் மானம் போய்க்கொண்டிருக்கிறது லினெட். சீக்கிரம் வா.

துர்கா